கட்டை விலகின சத்தம்

போன கிழமை என்ட அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் கூடிச் சொல்லிப்போட்டன் எண்டு சில பேருக்குக் கோவமாம். கோவிக்கட்டும். பெத்த தாய் எண்டா பிழை விடமாட்டாவா? இந்தக் கிழமை நடந்ததைக் கேட்டுட்டுப் பிறகு என்னை ஏசுங்க.

புதுசா வந்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை. நான் அன்னப்பூரணி. களுவாஞ்சிக்குடியில ஆத்துப் பக்கத்து வளவு எங்கட. செத்துப்போன கார்க்காரப் போடியார், பெரிய வயல்காரர், அவர்ர மகள் எண்டா ஊரில எல்லாருக்கும் தெரியும். அப்பா ஆசைப்பட்டு வாங்கின ஒஸ்டின் கார், ஜப்பான்காரன் குண்டு போட்ட சண்டைக் காலம் முழுக்கப் பெற்றோல் இல்லாம ஆத்தங்கரைக் கொட்டிலுக்க கிடந்திச்சு. உப்புக் காத்துச் சும்மா விடுமா? மட்காட், கதவடி, பின்பக்கத் தகரம் எல்லாத்தையும் துருக் கறள் தின்னுட்டு. விரலால குத்தினா விரல் மற்றப் பக்கத்தால வரும்.

அதைத் திருத்தி ஓடவைக்கிற வேலையை என்ட புருசன் தங்கராசா எடுத்தார். பட்டாளத்துக் கராச்சில தகர வேலை பழகினவர். என்ட கலியாணப் பேச்சில, சபைக்கு நடுவில, "வண்டி என்ட மகளுக்கு" எண்டு அப்பா வாயால சொன்னவர். இல்ல, வண்டி எனக்குத்தான் எண்டு என்ட அண்ணன் சாமித்தம்பி ஒத்தக்காலில நிக்கிறான். இதுதான் இவ்வளவு நாளும் ஓடின கதை.

அண்ணன்ட பக்கத்தையும் சொல்லத்தானே வேணும். எங்கட பக்கத்தில வீடு வளவெல்லாம் பொம்புளைக்கு. ஆம்புளை கலியாணம் முடிச்சா உடுத்த வேட்டியோட பொண்டாட்டி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அண்ணனும் அப்படித்தான் செட்டிபாளையத்துக்குப் போனான். அப்பாட சாமான் எண்டு சொல்ல அவன்ட கையில ஒரு செம்புகூட இல்ல. கார் ஒண்டுதான் ஆம்புளைப் பிள்ளைக்கு எண்டு மிஞ்சினது எண்டு அவன் நினைச்சான். நினைச்சதில பிழை இல்ல. தாயும் பிள்ளையும் எண்டாலும் வாயும் வயிறும் வேற எண்டு சும்மாவா சொன்னாங்க?

இந்த இழுபறிக்கு என்ட அம்மா சீதேவிப்பிள்ளை ஒரு மருந்து கண்டுபிடிச்சா. "மச்சானும் மச்சானும் சேர்ந்து வண்டியைத் திருத்துங்க. ஒண்டாக் கைபோட்டா மனசும் ஒண்டாயிரும். ஆருக்கு வண்டி எண்டதைப் பிறகு பேசுவம்" எண்டா.

நல்ல மருந்து! பூனையையும் நாயையும் ஒரு சாக்கில போட்டுக் கட்டினா சிநேகிதமாயிரும் எண்ட மாதிரி.

அம்மா விட்ட பிழை என்னெண்டா, அவ மச்சான் முறையை நம்பினா. மச்சான்மார் ஒருத்தனையொருத்தன் ஏசலாம், பிடறியில தட்டலாம், கிணத்தடியில சேத்துக்க தள்ளலாம். ஒருத்தரும் ஏன் எண்டு கேட்கமாட்டாங்க. சிரிப்பாங்க. கொம்புமுறித் திருவிழாவில ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு வடசேரிக்காரனும் தென்சேரிக்காரனும் வசை பாடினா ஆராவது பொலிசுக்குப் போவாங்களா? அப்படித்தான்.

ஆனா அந்தக் கொட்டிலுக்க நடந்தது விளையாட்டில்ல. ஒரு நாள் அண்ணன், இவர் குந்தியிருந்த பலகையைக் காலால தட்டிவிட்டான். இவர் விழுந்து கறள் தகரத்தில முழங்கை கிழிஞ்சிச்சு. அடுத்த நாள் இவர், ஈயம் பத்துற சூட்டுக்கோலை அண்ணன்ட தொடையில வைச்சார். தோல் பொசுங்கின மணம் அடுப்படிக் குசினி வரைக்கும் வந்திச்சு. அம்மா வெத்திலையைக் கொதுப்பிக்கொண்டு, "பாரன் மச்சான்மார்ர கூத்தை!" எண்டு சிரிக்கிறா.

இனி இண்டையான் கதைக்கு வாறன்.

விடிஞ்சு வெயில் ஏறக்க காத்தான்குடி முத்தலிப் காக்கா மாட்டு வண்டிலோட வந்தார். பழைய தகரம், இரும்பு விக்கிற முஸ்லிம் மனிசன், எங்களுக்கெல்லாம் அண்ணன் முறை. பட்டாளத்துப் பெற்றோல் தகரங்களை வெட்டித் தட்டையாக்கிக் கொண்டுவந்திருந்தார். கறள் தின்ன இடத்துக்கு ஒட்டுப்போட அதுதான் வேணும். புதுத் தகரத்தை இந்தக் காலத்தில ஆர் கண்ணால கண்டது?

அண்ணன் சைக்கிளை வேலியில சாத்திப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு வந்தான். அண்டைக்கு நல்ல சந்தோசமா இருந்தான். அதைச் சொல்லத்தான் வேணும்.

"காக்கா, நல்ல தகரமாப் போடுங்க. கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் ஆள் ஏத்தி ஓடப்போற வண்டி. நானே சாரதி. எல்லாரிட்டயும் கதைச்சுட்டன்" எண்டான்.

நான் தேத்தண்ணிக் கோப்பையோட வந்துகொண்டிருந்தன். என்ட வாய் சும்மா கிடக்குமா?

"எந்த வண்டி அண்ணன்?"

"எந்த வண்டியா? உனக்குக் கண் தெரியல்லையா? இந்த வண்டிதான்."

"இது என்ட வண்டி. அப்பா சபையில தந்தது. ஓட்டுறதெண்டா என்னட்டக் கேட்டுட்டு ஓட்டு."

"வீடு உனக்கு. வளவு உனக்கு. வட்டை வயல்காணி உனக்கு. கிணறு உனக்கு. இதுவும் உனக்கா?"

"தந்தவரைப் போய்க் கேள்."

சொல்லியிருக்கக் கூடாதுதான். செத்த மனிசனை எப்படிப் போய்க் கேட்கிற? சொல்லி முடியல்ல, புறங்கையால அடிச்சான். கோப்பை பறந்திச்சு. கீழ்ச்சொண்டு பல்லில பட்டுப் பிளந்து, வாயெல்லாம் ரத்தம். நான் மண்ணில இருந்துட்டன். அவன் ரெண்டாந்தரமும் கையை ஓங்கினான்.

"தம்பி, பொம்புளைப் புள்ளைக்குக் கை நீட்டாதீங்க. அல்லாஹ் பொறுக்கமாட்டான்" எண்டு முத்தலிப் காக்கா குறுக்க வந்தார்.

அம்மா பின்வீட்டில இருந்து ஓடிவந்தா. என்னைத் தூக்குவா எண்டு பார்த்தன்.

"நீ வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாமே, புள்ள? அண்ணன்தானே அடிச்சான். ஊரானா அடிச்சான்?"

கேட்டீங்களா? இப்ப சொல்லுங்க, போன கிழமை நான் கூடியா சொன்னன்?

நான் என்ட புருசனைப் பார்த்தன். அவர் மட்காட்டில கறளைச் செதுக்கிக்கொண்டு நிண்டவர். கையில வெட்டிரும்பு. எல்லாத்தையும் பார்த்தவர். என்ட சொண்டால ரத்தம் வழியுறதைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசல்ல. எனக்கு அடியைவிட அதுதான் நொந்திச்சு. ஒரு "டேய்" கூடவா வராது?

கொஞ்ச நேரத்தால அவர் வெட்டிரும்பைக் கீழ வைச்சார். சிரிச்சார்.

"வா மச்சான். பொம்புளையளோட என்ன கதை? பின்பக்கத் தகரத்தை இண்டைக்கு எடுப்பம். நீ உள்ளுக்கப் போய்க் கட்டையைப் பிடி" எண்டார்.

அண்ணன் அண்டைக்கு முதல் நாள் வரைக்கும் கறள் செதுக்கினான், ஆணி அடிச்சான், அவ்வளவுதான். கட்டை பிடிச்சதில்ல. கட்டை பிடிச்சது நான்.

அது என்ன வேலை எண்டு சொல்லிடுறன். அந்தப் பின்பக்கத்தில ஒரு பெரிய நெளிவு. ஆரோ ஒருத்தன்ட மாட்டு வண்டில் ஏர்க்கால் எப்பவோ இடிச்சது. அதை நேராக்குறதெண்டா ரெண்டு பேர் வேணும். வெளியில ஒருத்தர் சுத்தியலால தட்டுவார். உள்ளுக்க ஒருத்தர் இருக்கை கழட்டின இடத்தில குந்தியிருந்து, அடி விழுற இடத்துக்கு நேரே இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேணும். சுத்தியலுக்கும் கட்டைக்கும் நடுவில நசிஞ்சுதான் தகரம் நேராகும். வெளியில நிக்கிறவருக்கு உள்ளுக்க இருக்கிறவர்ர கை தெரியாது. உள்ளுக்க இருக்கிறவருக்குச் சுத்தியல் தெரியாது.

பிறகு எப்படிச் செய்யுற? காதாலதான். கட்டை சரியான இடத்தில இருந்தா 'ணங்' எண்டு நிறைஞ்ச சத்தம் வரும். கட்டை விலகிச்செண்டா 'தொப்' எண்டு வெறுஞ்சட்டியைத் தட்டின மாதிரி இருக்கும். நான் உள்ளுக்க இருக்கக்க ஒரு தரம் 'தொப்' எண்டா போதும், இவர் சுத்தியலை அப்படியே நிற்பாட்டிப்போடுவார். "அன்னம், கட்டை விலகிட்டு. விரலைப் பார்" எண்டுவார். எத்தனையோ தரம் எனக்குக் கை உளைஞ்சு கட்டை விலகியிருக்கு. ஒரு நாளும் அதுக்கு மேல ஒரு அடி விழுந்ததில்ல. என்ட விரலில ஒரு கீறல் இல்ல. அதால எனக்கு அவரில நல்ல விருப்பம். இதை மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?

அண்ணன் உள்ளுக்கப் போனான். நான் குசினிக்குப் போய்த் தேங்காய் திருவ இருந்தன். சொண்டு எரியுது. கண்ணால தண்ணி வருது. முத்தலிப் காக்கா மாட்டை அவிழ்த்துக் கட்டிப்போட்டு வேலி வாசல் கடப்படியில நிண்டு வழியால போன ரெண்டு மூண்டு பேரோட கதைச்சுக்கொண்டு நிக்கிறார்.

ணங், ணங், ணங்.

"நல்லா அழுத்திப் பிடி மச்சான்! சோறு தின்னல்லையா?"

"நீ நல்லா அடி! பொம்புளை மாதிரித் தட்டாத!"

கடப்படியில சிரிப்பு.

ணங், ணங்.

தொப்.

நான் திருவுற கையை நிற்பாட்டினன். கட்டை விலகிட்டு. தகரம் நேராகிட்டா எண்டு அண்ணன் கையால தடவிப் பார்க்கிறான் போல. எல்லாருக்கும் வாற ஆசைதான் அது, எனக்கும் வாறது. இப்ப இவர் "விரலைப் பார்" எண்டு சொல்லுவார் எண்டு காதைக் குடுத்துக்கொண்டு இருந்தன்.

தொப்.

தொப்.

கடைசி அடியோட தகரம் கிழிஞ்ச சத்தம் கேட்டிச்சு. அதுக்குப் பிறகு அண்ணன் கத்தின கத்தலை என்னால சொல்ல ஏலாது. மாடு அறுக்கக்ககூட அப்படிக் கத்தாது.

ஓடினன். கறள் தின்னு மெலிஞ்ச தகரத்தைச் சுத்தியல் உடைச்சுக்கொண்டு உள்ளுக்கப் போயிருக்கு. பின்னால மரச்சட்டம். சட்டத்துக்கும் சுத்தியலுக்கும் நடுவில அண்ணன்ட வலக்கை. அவன் இழுக்கிறான், கிழிஞ்ச தகரத்து விளிம்பு கையை அரியுது. வெளியில வந்த கையை நான் பார்த்தன். நடுவிரலும் மோதிர விரலும் நசிஞ்சு கூழாகி, உள்ளுக்க எலும்பு வெள்ளையாத் தெரிஞ்சிச்சு.

கடப்படியில இன்னும் சிரிக்கிறாங்க!

"மச்சான்மார் தொடங்கிட்டாங்கடா!"

"குடு மச்சான், குடு!"

பாவிகள். அண்ணன் வண்டியில இருந்து விழுந்து எழும்பி, கொட்டிலில சாத்தியிருந்த அலவாங்குக் கடப்பாரையை இடக்கையால தூக்கினான். முதல் வீச்சு இவர்ர தலைக்கு. இவர் குனிஞ்சார், முன் கண்ணாடி சில்லுச் சில்லாப் போச்சு. ரெண்டாவது வீச்சு தோளில விழுந்திச்சு. எலும்பு சத்தம் போட்டிச்சு. இவர் ஈயம் உருக்குற ஊதுவிளக்கை எரிய எரியத் தூக்கி அண்ணன்ட முகத்துக்கு நேரே நீட்டினார். தலைமயிரும் ஒரு பக்கத்துப் புருவமும் பொசுங்கிச்சு. அண்ணன் அலவாங்கால விளக்கைத் தட்டினான். சட்டியில உருகிக் கிடந்த ஈயம் கவிழ்ந்து இவர்ர காலில பட்டு, இவரும் கத்துறார்.

முத்தலிப் காக்காதான் முதல்ல ஓடிவந்தார். "விடுங்கடா! இது விளையாட்டில்லடா! ரத்தம்டா!" எண்டு நடுவில விழுந்தார். அலவாங்கு நுனி அவர்ர நெத்தியில பட்டு, தொப்பி ஒரு பக்கம், காக்கா ஒரு பக்கம். அதுக்குப் பிறகுதான் கடப்படியில சிரிப்பு நிண்டிச்சு.

நிண்டா பிறகு என்ன? சிரிச்ச அதே ஆக்கள்தான் அடிக்கவும் வந்தாங்க. எல்லாரும் எங்கட குடி, தாய்வழிச் சொந்தக்காரர். சாமித்தம்பிட கையைக் கண்டதும் அவங்களுக்கு விசர் பிடிச்சிட்டு. இவரை இழுத்துப்போய்த் தென்னையில மாட்டுக் கயிறால கட்டினாங்க. தென்னம் மட்டையால முதுகில, நெஞ்சில, எரிஞ்ச காலில. ஒருத்தன் வாயிலயே குத்தினான். பல்லு ஒண்டு மண்ணில விழுந்து கிடந்ததை நான் கண்டன்.

"அடியுங்கடா! என்ட மகன்ட கையை முறிச்ச கையை முறியுங்கடா!" எண்டு அம்மா நெஞ்சில அடிச்சுக்கொண்டு கத்துறா. காலையில 'அண்ணன்தானே அடிச்சான்' எண்ட அதே வாய்.

நான் குறுக்க விழுந்தன். என்னை முடியில பிடிச்சு இழுத்து எறிஞ்சாங்க. திரும்பவும் போனன். திரும்பவும் எறிஞ்சாங்க.

அப்பதான் என்ட மாமா வந்தார். அம்மாட தம்பி. எங்கட குடியில அவர் சொல்லுக்கு மறுசொல் இல்ல. வயலில இருந்து நேரே வந்தவர், கையில காட்டுக்கத்தி. எல்லாரையும் விலத்திவிட்டார். அண்ணன்ட கையைப் பார்த்தார். இவரைப் பார்த்தார்.

"தங்கராசா, கட்டையில அடிச்சியா, கையில அடிச்சியா?"

"மண்டூர் முருகன் மேல ஆணை, மாமா. கை அங்க இருந்தது எனக்குத் தெரியாது" எண்டார் இவர், ரத்தத்தைத் துப்பிப்போட்டு.

மாமா பக்கத்தில கிடந்த மரக்குத்தியைக் காலால இழுத்துப் போட்டார்.

"தெரியாமச் செஞ்சிருந்தா அது கை தவறு. அவிழ்த்து விடுவம். தெரிஞ்சு செஞ்சிருந்தா, உன்ட வலக்கையை இந்தக் குத்தியில வைச்சு நானே வெட்டுவன். பொலிசு வந்து என்னைக் கொண்டுபோகட்டும்."

அவர் சொன்னாச் செய்வார். எல்லாருக்கும் தெரியும். மாமா திரும்பி என்னைப் பார்த்தார்.

"புள்ள, இஞ்ச வா. இவ்வளவு நாளும் இவனுக்குக் கட்டை பிடிச்சவள் நீ. உனக்குத்தான் இந்த வேலை தெரியும். வெளியில நிண்டு அடிக்கிறவனுக்கு, உள்ளுக்கக் கட்டை இருக்கா இல்லையா எண்டு விளங்குமா?"

ஐயோ. அந்தக் கேள்வியை ஆர் கேட்டாலும் கேட்கட்டும், என்ட மாமா கேட்டிருக்கக் கூடாது.

இவர் என்னைப் பார்க்கிறார். வீங்கின கண்ணுக்கால கெஞ்சுறார். அண்ணன் அம்மாட மடியில கிடக்கிறான். கையில அம்மாட சீலைத் துண்டு சுத்தியிருக்கு, அதும் நனைஞ்சு ஒழுகுது. 'ஓம், விளங்கும்' எண்ட ரெண்டு சொல்லு. சொன்னா என்ட புருசனுக்குக் கையில்ல. தகர வேலைக்காரனுக்குக் கை இல்லாட்டி என்ன இருக்கு? உயிரே போனாலும் போகும். சொல்லாட்டி என்ட கூடப்பிறந்தவனுக்கு நியாயமில்ல.

"விளங்காது, மாமா" எண்டன்.

அண்ணன் தலையைத் தூக்கினான். அவனுக்கு அந்த வேலை தெரியாது. சத்தத்தில என்ன வித்தியாசம் எண்டு அவனுக்கு எங்க தெரியும்? ஆனாலும் என்ட முகத்தைப் பார்த்தான். அவனைச் சின்ன வயசில இருந்து அறிஞ்சவள் நான், என்னையும் அவன் அறிஞ்சவன்.

"விளங்காதா, அன்னம்?" எண்டான். கோவமே இல்ல, மெதுவாத்தான் கேட்டான்.

"விளங்காது."

பிளந்த சொண்டு திரும்பவும் விட்டு ரத்தம் வந்திச்சு. நான் துடைக்கல்ல.

மாமா கத்தியால கயிறை வெட்டினார். வெட்டிப்போட்டுத் திரும்பி வயலுக்குப் போனார். முத்தலிப் காக்கா நெத்தியில துணியைக் கட்டிக்கொண்டு, தகரமெல்லாத்தையும் இறக்கி எறிஞ்சுபோட்டு, அண்ணனை வண்டிலில ஏத்தி மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். நல்ல மனிசன். அம்மாவும் ஏறினா. ஏறக்க என்னைத் திரும்பிப் பார்த்து, "இனி அவன் வேளாண்மை வெட்டப் பிடிக்க ஏலாது. காரும் ஓட்ட ஏலாது. உனக்குச் சந்தோசமா, புள்ள?" எண்டா.

வளவு காலியாப் போச்சு. பொழுதுபட்ட மம்மல் நேரம் ஆத்தில இருந்து காத்து வந்திச்சு. நான் கிணத்தடியில இவருக்குத் தண்ணி வார்த்தன். முதுகு முழுக்க மட்டைத் தடிப்பு. எரிஞ்ச காலுக்குத் தேங்காயெண்ணெய் பூசினன். தோள் தூக்க ஏலாம இருந்தார். பாவமா இருந்திச்சு. பொய் இல்ல, அழுகை வந்திச்சு.

சோறு போட்டன். பல்லு விழுந்த பக்கத்தை விட்டுட்டு மற்றப் பக்கத்தால மெண்டார்.

"நீ நல்லாச் சொன்னாய், அன்னம். நான் பயந்திட்டன்."

"ஏன் நிற்பாட்டல்ல?"

"எதை?"

"கட்டை விலகின சத்தம் எனக்குக் குசினிக்க கேட்டிச்சு. பக்கத்தில நிண்ட உங்களுக்குக் கேட்கல்லையா? அதுக்குப் பிறகு ரெண்டு அடி விழுந்திச்சு."

அவர் மீன் முள்ளை எடுத்து ஓரத்தில வைச்சார். ஒளிக்கப்போறார் எண்டு நினைச்சன். ஒளிக்கல்ல. நான் பொய் சொல்லிட்டன் தானே, இனி நானும் அவர்ர பக்கம் எண்டு நினைச்சார் போல.

"ஒண்டு உன்ட சொண்டுக்கு."

காலையில ஒரு வார்த்தை பேசாம நிண்ட மனிசன். எனக்காகத்தானா? அவன் அடிச்சதுக்கு இப்படி ஒரு அடியா? வேணாம் எண்டு ஒரு மனசு கத்துது. எனக்காக எண்டு இன்னொரு மனசு இளகுது. பொம்புளை மனசைச் சொல்லி வேலையில்ல.

"மற்றது?"

"மற்றது வண்டிக்கு" எண்டு சிரிச்சார். "இனி அவன் எந்தக் கையால கார்ச் சுக்கானைப் பிடிக்கிற? வண்டி நமக்குத்தான்."

சிரிக்கிறார், பார்த்துக்கொள்ளுங்க. கூழான விரலைக் கண்டுட்டு வந்து, மீன்குழம்பைப் பிசைஞ்சுகொண்டு சிரிக்கிறார். முருகன் மேல ஆணை வைச்ச வாயால.

எனக்குப் பயம் வந்திச்சு. அடிபட்ட நேரம் வராத பயம், முடியில பிடிச்சு எறிஞ்ச நேரம் வராத பயம் அப்பதான் வந்திச்சு. இந்த மனிசனுக்குக் காது நல்லாக் கேட்கும். எப்ப நிற்பாட்டவேணும் எண்டும் நல்லாத் தெரியும். என்ட விரலில இவ்வளவு நாளும் ஒரு கீறல் விழாதது ஏன் எண்டா, இவ்வளவு நாளும் எங்களுக்க ஒரு சண்டையும் வரல்ல. அவ்வளவுதான் காரணம். வண்டி அப்பா எனக்குத் தந்தது. நாளைக்கு இவருக்கும் எனக்கும் அதில ஒரு சொல்லு ஏறினா?

அவர் தண்ணியைக் குடிச்சுப்போட்டுச் சொன்னார்.

"அந்தத் தகரம் கிழிஞ்சு கிடக்கு. கறளை வெட்டி எடுத்துட்டு ஒட்டுப் போடவேணும். தோள் நொந்தாலும் மெதுவாத் தட்டுவன். நாளைக்கு நீ வந்து கட்டையைப் பிடி, அன்னம்."

"மாட்டன்."

"ஏன்?"

"நாளைக்கு நான் அடிக்கிறன். உங்களுக்குத் தோள் ஏலாதுதானே? நீங்க உள்ளுக்கப் போய்க் கட்டையைப் பிடியுங்க."

சோத்துக் கை வாய்க்குப் பாதி வழியில நிண்டிச்சு. சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரல்ல.

"விளையாடாத, அன்னம்."

"விளையாடுறதுக்கு நான் என்ன உங்கட மச்சானா?"

அவர் என்ட முகத்தைப் பார்த்தார். பிறகு குனிஞ்சு தன்ட கையைப் பார்த்தார். நான் எழும்பிக் கொட்டிலுக்குப் போய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தன். சுத்தியல் தலையில அண்ணன்ட ரத்தம் காய்ஞ்சு ஒட்டியிருந்திச்சு. கழுவாம அப்படியே என்ட பாய்க்குப் பக்கத்தில வைச்சன்.